தண்டவாளம் நேராத்தானே போகுது

ஜனவரி 9

என் செல்லச் சிட்டுவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ இருக்கிறாயா என்பதே சந்தேகமாகிவிட்டதால் இந்தக் கடிதம். அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் எழுத்தையெல்லாம் திருத்துகிறவளுக்கு அண்ணிக்கு நாலு வரி எழுத நேரமில்லை. போன தடவை மாதிரி இதையும் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதே. உன் அண்ணன் அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சிரித்தார்.

புது வீடு பழகிவிட்டது. ரேஸ் திடல் ஸ்டேஷனை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸ். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பிளாட்பாரம். பின்கதவைத் திறந்தால் தண்டவாளம், அதைத் தாண்டினால் குதிரை லாயம். வீட்டுக்குள் எப்போதும் சாணியும் கரிப்புகையும் கலந்த ஒரு வாசனை. மூக்கு முதலில் சண்டை போட்டது, இப்போது சமாதானமாகிவிட்டது.

லைன் என்று பெயர்தான். ஜங்ஷனில் கிளம்பி, நடுவில் மில் வாசலில் ஒரு மூச்சு நின்று, இங்கே வந்து சுவரில் முட்டிக்கொண்டு முடிந்துவிடும். சாதாரண நாளில் இரண்டு பெட்டி. லாயத்து ஆட்களும் மில் பெண்களும் ஏறுவார்கள். ரேஸ் நாளில்தான் பார்க்கவேண்டும். பெட்டிமேல் பெட்டியாகக் கோத்துக் கொண்டுவந்து கொட்டுவார்கள். வரும்போது அத்தனை பேரும் மாப்பிள்ளை மாதிரி வருவார்கள். திரும்பும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கமாட்டார்கள்.

மெயில் வண்டி ஓட்டியவர் இந்தக் குட்டி லைனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து எல்லோருக்கும் சிரிப்பு. "யானையிலேருந்து இறங்கி ஆட்டுக்குட்டி மேல ஏறிட்டாரே" என்று மீசை கார்டு என் காதுபடவே சொன்னார். கார்டு நல்ல மனுஷர்தான், பின்பெட்டியில் இருப்பவருக்கு வாய் மட்டும் முன்பெட்டியில் இருக்கும். உன் அண்ணனைக் கேட்டால், "ராத்திரி வண்டி போதும்டி, உடம்பு தாங்கல" என்கிறார்.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கோபம்தான் கூடிப்போச்சு. எதிலாவது இடித்துக்கொள்கிறார், இடித்துவிட்டு என்னைத் திட்டுகிறார். நேற்று, "முக்காலியை யார் இங்க வச்சது?" என்றார். "வந்த நாள்லேருந்து அது அங்கதான் இருக்கு. நீங்கதான் இடம் மாறிட்டீங்க" என்றேன். சிரிக்கவில்லை. சைக்கிளைக் கார்டுக்குக் கொடுத்துவிட்டார். தோளில் எப்போதும் ஒரு நீலத்தழும்பு, கதவு நிலை கொடுத்த பரிசு.

போன மாதம் வருஷாந்திர மெடிக்கல். கண் பரிசோதனையில் அட்டையின் கடைசி வரிப் பொடி எழுத்துவரை கடகடவென்று படித்தாராம். "இந்த வயசுல இப்படி ஒரு கண்ணா" என்றாராம் டாக்டர். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் பழைய களை.

ரேஸ் சீசன் தொடங்கிவிட்டது. பதில் போடு. போடாவிட்டால் அடுத்த கடிதம் முழுக்கப் பிழையாகவே எழுதுவேன்.

உன்
அண்ணி

•

ஜனவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

திட்டு கிடைத்தது, வயிறு நிறைந்தது. பள்ளிப் பாடப்புத்தகங்கள் அச்சாகிற காலம். கனவிலும் ஒற்றெழுத்துகள்தான் வருகின்றன. மன்னியுங்கள்.

உங்கள் கடிதத்தில் பிழை தேடவில்லை. அண்ணன் இடித்துக்கொள்கிற இடம் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன்.

சில கேள்விகள் கேட்கிறேன், கோபப்படாமல் பார்த்துச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து கூப்பிட்டால் அண்ணன் கண்ணை மட்டும் திருப்புகிறாரா, தலையையே திருப்புகிறாரா? கீழே ஏதாவது விழுந்தால் கண்ணால் தேடுகிறாரா, காலால் தடவுகிறாரா? பொழுது சாய்ந்தபின் வெளியே போவதைத் தவிர்க்கிறாரா?

ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. உங்களுக்கு அப்பாவைத் தெரியாது. தச்சர். செய்தித்தாளில் பொடி எழுத்தைக்கூட வெளிச்சத்தில் படித்துவிடுவார். காலடியில் இருக்கும் வாளி தெரியாது. ஒரு குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு பார்க்கிற மாதிரி, நேரே இருப்பது மட்டும் தெரியும், ஓரமெல்லாம் போய்விடும். ஓரம் போனது அவருக்கே முதலில் தெரியவில்லை. அம்மா சாமான்களைக் கண்ட இடத்தில் வைக்கிறாள் என்று தினமும் சண்டை. அப்புறம் ஒரு பட்டப்பகலில் பட்டறையில் ரம்பம் பக்கவாட்டில் சுழன்றுகொண்டிருந்தது. அதன்மேலேயே கையை வைத்துவிட்டார். விரல்கள் போனபிறகுதான் கண் போனது தெரிந்தது.

அண்ணன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அடுத்த வாரமே ரயில்வேயில் கரி அள்ளப் போனார். என்னை வளர்த்தது அந்தக் கரிக்கைதான். இது உங்களுக்குத் தெரிந்த கதை. அந்தக் கதை எதனால் தொடங்கியது என்பதை அவர் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

அட்டையைப் படிக்கிற பரிசோதனையில் இது தெரியாது. பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நான் தப்பாக இருந்தால் ஆயுசு முழுக்கக் கேலி செய்யுங்கள்.

அன்புடன்,
சிட்டு

•

பிப்ரவரி 2

சிட்டு,

படித்த பெண் என்றால் டாக்டருக்கும் மேலா? அச்சகத்தில் உட்கார்ந்துகொண்டே என் புருஷனுக்குக் கண் பார்த்துவிட்டாய். மெயிலை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிய மனுஷர். அவர் மேல் ஒரு குற்றம் கிடையாது. உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்துபோய்விடுகிறார்.

இவ்வளவும் போன வாரம் எழுதி வைத்தது. தபாலில் போடவில்லை. கிழித்துப் போடவும் மனசில்லை, நீயும் கொஞ்சம் திட்டு வாங்கவேண்டியவள்தான். மீதியை இன்று எழுதுகிறேன்.

உன் கேள்விகள் காதில் கொசு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தன. முந்தாநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று ஒரு டம்ளர் தண்ணீரை அவர் காதுக்கு நேராக நீட்டிப் பிடித்தேன். ஒன்றும் பேசவில்லை. கையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்தேன். காது தாண்டி, கன்னம் தாண்டி, ஏறக்குறைய மூக்குக்கு முன்னால் வந்தபிறகுதான் திடுக்கிட்டு, "இது எப்ப வச்சே?" என்றார். "இப்பதான்" என்றேன். சிட்டு, என் கை வலிக்கிற அளவுக்கு அங்கேயே இருந்தது.

இன்று காலை இன்னொன்று. விடிகிற நேரத்தில் குதிரைகளை நடை பழக்க, லாயத்திலிருந்து தண்டவாளத்தைத் தாண்டித் திடலுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கேட் கிடையாது. வளைவை ஒட்டி ஒரு குதிரைக்காரர் சிவப்புக் கொடியோடு நிற்பார். கொடி தெரிந்தால் வண்டி நிற்கவேண்டும். அவருக்கு வெள்ளைத்தொப்பி என்று பேர், தூங்கும்போதும் கழற்றமாட்டாராம். அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அய்யா, நேத்துக் கொடி காட்டினேனே. நிக்காமப் போயிட்டீங்க. குதிரைங்க மிரண்டு போச்சு."

"கொடியை உசத்திப் பிடிக்கணும்யா. முட்டிக்குக் கீழ பிடிச்சா எவனுக்குத் தெரியும்?"

"தலைக்கு மேல பிடிச்சேன் அய்யா."

"அப்ப இருட்டா இருந்திருக்கும்."

வெள்ளைத்தொப்பி அவர் கண்ணையே பார்த்தார். மரியாதையான மனுஷர். "இருக்கலாம் அய்யா. இனிமே ரெண்டு கொடி பிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அண்ணன் உள்ளே வந்து, "வேலை கத்துக்காதவனெல்லாம் குறை சொல்ல வந்துட்டான்" என்றார். சொல்லும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பொத்தான் ஓட்டைக்குள் போகவேயில்லை.

ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூப்பிடுவது, நீயே சொல்.

அண்ணி

•

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

திட்டைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

நானே ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தேன். இது குடும்பத்தில் இறங்குமாம், அதனால் என்னையும் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை நுழைக்கவேண்டும். நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க, ஓரங்களில் சின்னச் சின்ன வெளிச்சம் தோன்றும். தெரிந்தால் பொத்தானை அழுத்தவேண்டும். எனக்கு எல்லாம் தெரிந்தது. எனக்கு அது இல்லை. சந்தோஷப்படக் கூச்சமாக இருந்தது.

டாக்டரிடம், ஒருவர் வண்டி ஓட்டுகிறார் என்று மட்டும் சொன்னேன். "என்ன வண்டி?" என்றார். ரயில் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார். "இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க" என்றார். போனது திரும்பி வராதாம். இருப்பதைக் கொஞ்சகாலம் காப்பாற்றலாமாம்.

எனக்குக் கண்ணில் ஏதோ கோளாறு, துணைக்கு அண்ணன் வரவேண்டும் என்று சொல்லிக் கூட்டிவாருங்கள். எனக்கு என்றால் அவர் ஓடிவருவார். மீதியை இங்கே பார்த்துக்கொள்ளலாம். தயவுசெய்து சீக்கிரம்.

சிட்டு

•

பிப்ரவரி 25

சிட்டு,

உன் யோசனையை அவரிடம் சொல்ல எனக்கு நாள் கிடைக்கவில்லை. நாள் என்னை முந்திக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை காலை. நான் பின்கதவில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் வந்தும் வராத நேரம், புல்மேல் பனி. வளைவில் வெள்ளைத்தொப்பி நிற்பது தெரிந்தது. சொன்னபடி இரண்டு கையிலும் கொடி. பழுப்புக் குதிரை ஒன்று தண்டவாளத்துக்கு நடுவில் வந்து, என்ன நினைத்ததோ, நகரமாட்டேன் என்று நின்றுவிட்டது. வண்டி வளைவைத் திரும்பியது. நிற்கும், இதோ நிற்கும் என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வேகம் குறையவே இல்லை. வெள்ளைத்தொப்பி கொடிகளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தார். அதற்குப் பிறகுதான் பிரேக் சத்தம் கேட்டது.

குதிரை கத்தும் என்று எனக்குத் தெரியாது. அது கத்தினதை எழுதமாட்டேன்.

வெள்ளைத்தொப்பிக்கு உயிர் இருக்கிறது. இடதுகால் முட்டிக்குக் கீழே இல்லை.

மறுநாளே விசாரணைக்கு வந்துவிட்டார்கள். ஸ்டேஷன் அறையில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். உன் அண்ணன், "கொடி எதுவும் இல்ல. குதிரை மிரண்டு ஓடிவந்துச்சு, ஆளும் பின்னாடியே குறுக்க விழுந்தான்" என்று சொன்னாராம். மீசை கார்டு, "நான் பின்னால இருந்தேன், ஒண்ணும் பார்க்கல" என்றார். அது உண்மைதான், ஆனால் அதைச் சொல்லும்போது கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம். எஞ்சினில் கரி தள்ளுகிற பையன் அடுப்புப் பக்கம் குனிந்திருந்தேன் என்றானாம். கொடிகள் தண்டவாளத்தில் கிடந்தனவே என்று ஒருவர் கேட்டதற்கு, "கையில பிடிக்காம கீழ போட்டிருப்பான்" என்று இவர் சொன்னதோடு முடிந்துபோனது. வண்டிக்குப் பாதை கொடுத்திருந்தபோது குறுக்கே வந்தது குதிரைக்காரர் குற்றம் என்று எழுதிவிட்டார்கள். குதிரைகளை வைத்திருக்கிற ரேஸ் கிளப்காரர்கள் அவரை வேலையை விட்டு நீக்கி, குதிரையைக் கவனக்குறைவால் கொன்றதாக வழக்கும் போட்டிருக்கிறார்கள். விலை உயர்ந்த குதிரையாம்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பின்கதவில் நின்ற பொம்பளையை யார் கேட்பார்கள்? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நீ கேட்காதே.

வெள்ளைத்தொப்பியின் மனைவி மில்லில் வேலை செய்கிறவள். தினமும் அதே வண்டியில்தான் போகிறாள், உன் அண்ணன் ஓட்டுகிற வண்டியில். போகவர வேறு வழியில்லை. பிளாட்பாரத்தில் எங்கள் ஜன்னலுக்கு எதிரில் நிற்பாள். திட்டமாட்டாள். நிற்பாள், அவ்வளவுதான். நான் ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன். வீடு முழுக்கப் புகை.

அடுத்த மாதம் பதினேழாம் தேதி கப் ரேஸ். வருஷத்திலேயே பெரிய கூட்டம். வண்டிக்குப் பின்னால் வண்டி விடுவார்கள். பிளாட்பாரம் கொள்ளாமல் ஜனம் தண்டவாளத்து ஓரத்தில் எல்லாம் வழிந்து நடக்கும் என்கிறார் கார்டு. ஓரத்தில், சிட்டு.

அண்ணி

•

மார்ச் 4

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். உட்கார இன்னும் தோன்றவில்லை.

ஒரு மனுஷர் காலை இழந்து, வேலையை இழந்து, இப்போது குற்றவாளியாகவும் ஆகியிருக்கிறார். கொடியை அவர் பிடித்திருந்தார். நீங்கள் பார்த்தீர்கள். அண்ணன் பொய் சொன்னார் என்றுகூட நான் நினைக்கவில்லை. அவர் பார்த்த உலகத்தில் கொடி இல்லை. ஆனால் கொடி இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அப்பாவோடு அதே வீட்டில் இருந்தவர் அவர்.

எனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டு பேச்சுமூச்சில்லாமல் கிடந்தபோது, வண்டி கிடைக்காமல் அண்ணன் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிவரைக்கும் ஓடினாராம். அவர் இல்லையென்றால் நான் இல்லை.

கப் ரேஸ் அன்று அவர் வண்டி ஓட்டக்கூடாது. நீங்கள் சொல்லவேண்டும், அல்லது அவரே சொல்லவேண்டும். இரண்டும் நடக்காது என்றால் ரயில்வே தலைமை அலுவலகத்துக்கு நான் எழுதுவேன். கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். விலாசமும் எழுதியாகிவிட்டது. பன்னிரண்டாம் தேதிவரை பார்ப்பேன்.

என்னை வெறுத்துவிடாதீர்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

சிட்டு

•

மார்ச் 8

சிட்டு,

போடாதே. உன் காலில் விழுகிறேன், போடாதே.

அவரே பேசிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டி இல்லாத நேரத்தில் தண்டவாளத்தின் மேலேயே ஜங்ஷன் பக்கம் நடந்து போனார். சந்தேகப்பட்டுப் பின்னாலேயே போனேன். கட்டைக்குக் கட்டை கால் வைத்து நடக்கிறார். ஒவ்வொரு கம்பத்திலும் நின்று கையால் தொட்டுப்பார்க்கிறார், மாட்டைத் தடவுகிற மாதிரி. பாதையை மனப்பாடம் செய்கிற மாதிரி வாய் எண்ணிக்கொண்டே போகிறது. மில் பாலத்துக்குப் பக்கத்தில் திரும்பி, நான் பக்கத்தில் நிற்பது கண்ணுக்குத் தெரியாமலே, "வந்திட்டியா? மூச்சு கேக்குது" என்றார்.

அங்கேயே சரளைக்கல்லில் உட்கார்ந்துவிட்டோம்.

"எப்பலேருந்து?" என்று கேட்டேன்.

"மெயில்ல இருக்கும்போதே. ராத்திரியில முதல்ல. அப்புறம் பகல்லயும் ஓரம் ஓரமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா எங்கப்பன் மாதிரி மூலையில உக்கார வச்சிடுவீங்க."

"அந்த மனுஷனுக்குக் கால் போச்சே."

கையில் ஒரு கல்லை எடுத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "எனக்கு நேர இருக்கறது தெரியுதுடி. சிக்னல் தெரியுது. தண்டவாளம் நேராத்தானே போகுது."

அவர் அதை நம்பிச் சொன்னார், சிட்டு. குழந்தை சொல்கிற மாதிரி சொன்னார்.

கப் ரேஸ் மட்டும் ஓட்டிவிடுகிறேன், மறுநாளே நானே எழுதிக் கொடுத்து இறங்கிவிடுகிறேன் என்று என் தலையில் கைவைத்துச் சொல்லியிருக்கிறார். வந்த நாளிலிருந்து ஆட்டுக்குட்டி என்று சிரித்தவர்கள் முன்னால் ஒரு தடவை முழு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டுமாம். ஒரு நாள்தான். கார்டும் பின்னாலிருந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆயிரம் பேர் அவரை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், தாங்குவார். நீ சொன்னதாகத் தெரிந்தால் உடைந்துபோவார். உன்னை அவர் தங்கையாக வளர்க்கவில்லை, பெற்ற மகளாக வளர்த்தார். எங்களுக்குத்தான் பிள்ளை இல்லையே.

ஒரே ஒரு நாள். போடாதே.

அண்ணி

•

மார்ச் 23

சிட்டு,

நீ பதில் போடவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். நடந்ததைச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள்.

பதினேழாம் தேதி காலை. வெயில் நன்றாக ஏறிவிட்டது. பிளாட்பாரத்தில் பந்தல் போட்டு, சாமான் விற்கிறவர்கள் கடை பரப்பி, கிளப்காரர்கள் தோரணம் கட்டி, கல்யாண வீடு மாதிரி இருந்தது. உன் அண்ணன் சலவைச் சட்டை போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக் கிளம்பினார். காலி வண்டியை ஜங்ஷனுக்குக் கொண்டுபோய் முதல் கூட்டத்தை ஏற்றி வரவேண்டும். சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போனார். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் முழங்கைக்குப் பக்கத்தில், தொடுகிற தூரத்தில் போய் நின்றேன். சுற்றிலும் பேச்சும் சிரிப்பும், என் மூச்சு எங்கே கேட்கும்? அவர் எங்கள் வீட்டு ஜன்னல் பக்கம் பார்த்துச் சத்தமாக, "எங்க போய்த் தொலைஞ்சா இவ, டப்பாவைக் குடுக்காம" என்றார். பட்டப்பகல், சிட்டு. சிவப்புப் புடவை கட்டியிருந்தேன். அவர் திரும்பி, என் தோளில் மோதிவிட்டு, "பார்த்து நில்லும்மா, வண்டி கிளம்பப்போகுது" என்றார். வேறு யாரோ பயணி என்று நினைத்துக்கொண்டார்.

அந்த இடத்தில் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. கால் தானாக நடந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் போனேன். டிக்கெட் கட்டுகளுக்கு நடுவில் தலை தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, இன்னைக்குப் போய்?"

"இவருக்குக் கண் தெரியலைங்க. ஓரத்துல ஒண்ணுமே தெரியாது. வண்டியை விடாதீங்க."

அவர் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"ஆபீஸ்லேருந்து இதைப் பத்தி ஏதாவது கடிதம் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வரலியே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. கையை மட்டும் பக்கத்துல நீட்டிப் பாருங்க, புரியும்."

போய்ப் பார்த்தார். ஏதோ காகிதம் கொடுக்கிற மாதிரி பக்கவாட்டில் நீட்டினார். உன் அண்ணன் நேராகப் பார்த்துக்கொண்டே நின்றார். நீட்டிய காகிதம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அதை மெல்ல மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "உள்ள வாங்க, ஒரு நிமிஷம் பேசணும்" என்றார். வேறு டிரைவர் ஜங்ஷனிலிருந்து வரும்வரை வண்டி நின்றது. கூட்டம் வராமல் காத்திருந்த கடைக்காரர்கள் கத்தினார்கள். "எவன்டா டிரைவர், தூங்கறானா?" என்று கேட்டதெல்லாம் எங்கள் வீட்டுக்குள் கேட்டது. அவர் அப்போது வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தார், ஷூவைக் கழற்றாமல்.

அன்று சாயங்காலம் பிளாட்பாரத்திலிருந்து ஜனம் தண்டவாளத்துக்கு வழிந்ததைப் பார்த்தேன். தோற்றவர்களும் குடித்தவர்களுமாகக் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும், வளைவுவரை. புது டிரைவர் ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோனார். எஞ்சினிலிருந்து தலையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

இனிமேல்தான் நான் சொல்லவேண்டியது.

பொழுது இறங்கினபிறகு கேட்டார்: "யாரு சொன்னது?"

நான் சொன்னேன்: "உங்க தங்கச்சி. ஆபீசுக்கு எழுதிப் போட்டுட்டா."

யோசித்துச் சொல்லவில்லை. நாக்கு எனக்கு முன்னால் போய்விட்டது. சொன்னபிறகு திரும்ப எடுத்துக்கொள்ள நேரம் இருந்தது. எடுத்துக்கொள்ளவில்லை.

"அவளா?" என்றார். சாப்பாடு போடச் சொன்னார், சாப்பிட்டார், படுத்தார். விடியும்வரை கண் மூடவில்லை.

இப்போது அவரைக் கிண்ணத்தில் முகம் நுழைக்க வைத்துப் பார்த்துவிட்டார்கள். டாக்டர் சொன்னது உனக்குத் தெரிந்ததுதான். முற்றத்தைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொள்கிறார். என்னைத் திட்டுவதில்லை. எனக்குத் தெரிந்தநாளிலிருந்து இவ்வளவு அன்பாக இருந்ததில்லை. "நீ ஒருத்திதான் எனக்கு" என்கிறார். அதைக் கேட்கும்போது எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

நான்தான் சொன்னேன் என்று தெரிந்தால் இந்தக் கையைப் பிடிக்கமாட்டார். இந்தக் கையை விட்டால் அவருக்கு வேறு கை இல்லை. நீ தூரத்தில் இருக்கிறாய். நான் இதே வீட்டில், இதே மனுஷரோடு கடைசிவரை இருக்கவேண்டும். இதுதான் என் நியாயம். இது நியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

உன் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்கிறார். வந்துவிடாதே. வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதை என்னால் பார்க்கமுடியாது.

வெள்ளைத்தொப்பி விஷயம் அப்படியே இருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் அதையும் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. சொன்னால் இவர்மேல் வழக்கு வருமோ என்று பயம்.

என்னைத் திட்டி ஒரு கடிதம் போடு. எத்தனை பக்கம் ஆனாலும் படிப்பேன்.

அண்ணி

•

மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

திட்டப்போவதில்லை.

நான் அந்தக் கடிதத்தைத் தபாலில் போடவே இல்லை. பன்னிரண்டாம் தேதி தபால்பெட்டிவரை போனேன். பெட்டியின் வாயில் பாதிவரைகூட நுழைத்தேன். தோளில் போட்டுக்கொண்டு ஓடினவர் ஞாபகம் வந்துவிட்டது. வெளியே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பதினேழாம் தேதி முழுக்க ரேடியோப் பக்கத்தில் உட்கார்ந்து, ரயில் என்ற சொல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வந்திருந்தால் அது என்னால்தான். வாயால் மிரட்டியது நான். காலால் நடந்துபோய்ச் செய்தது நீங்கள். அன்றைக்குத் தண்டவாளத்து ஓரத்தில் நடந்த ஜனமெல்லாம் வீடு போய்ச் சேர்ந்தது உங்களால்.

அதனால் உங்கள் பொய்யை நான் வாங்கிக்கொள்கிறேன். செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டவளுக்கு, செய்ததாக ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. இருக்கட்டும்.

ஆனால் இரண்டு பேருக்கும் பாரம் சமமாக இருக்கவேண்டும். உங்கள் பங்கைச் சொல்கிறேன். இது கிடைத்த மறுநாள் காலை வெள்ளைத்தொப்பியின் மனைவி பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஜன்னலைத் திறங்கள். அவளோடு வண்டியேறி வழக்கு நடக்கிற இடத்துக்குப் போய், இரண்டு கையிலும் கொடி இருந்ததைப் பார்த்தேன் என்று சொல்லுங்கள். அண்ணனுக்கு என்ன வந்தாலும் வரட்டும். வழக்கு வரலாம், ஓய்வூதியம் போகலாம். காலில்லாத மனுஷரின் தலையில் அதை வைத்துவிட்டு நாம் மூன்று பேரும் நிம்மதியாகச் சாப்பிடமுடியாது. நீங்கள் போகவில்லை என்றால் நான் வருவேன். வந்து, இந்தக் கடிதங்களை அண்ணன் கேட்கப் படிப்பேன். இந்தத் தடவை பாதியில் திரும்பமாட்டேன்.

சாட்சி சொல்லச் சொன்னதும் நான்தான் என்று அண்ணனிடம் சொல்லிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வெறுக்கிறவர், கொஞ்சம் கூட வெறுப்பார், அவ்வளவுதானே. உங்கள் கையை விடமாட்டார்.

போய்ச் சொல்லிவிட்டீர்கள் என்றால் ஒரு வரி எழுதுங்கள். அதற்குப் பிறகு எழுதவேண்டாம். நானும் எழுதமாட்டேன், வரவும் மாட்டேன்.

இன்னும் ஒன்று. எப்போதாவது மனசு கேட்காமல், சிட்டு அப்படிப்பட்டவள் இல்லை, நல்லவள் என்று அண்ணனிடம் சொல்லத் தோன்றும். எனக்கு உங்களைத் தெரியும், தோன்றும். சொல்லாதீர்கள். என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தைகூடச் சொல்லாதீர்கள். சொன்னால் அவர், அப்போ யார் என்று கேட்பார்.

மருந்தை வேளை தவறாமல் போடுங்கள். முக்காலியைச் சுவரோரமாகத் தள்ளி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் பெயர் எடுக்கப்படாதவள்